ஒரே இருபது எண்கள், இரண்டு தீர்ப்புகள்: டி சோதனையைக் கையால் போட்டுப் பார்த்த ஞாயிறு

எங்கள் ஆய்வகத்தில் தானியத்தின் ஈரப்பதம் பார்ப்பது அன்றாட வேலை. பழைய ஈரப்பதமானி ஒன்று இருக்கிறது. அண்மையில் புதியது ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலையைப் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்திருந்தேன். பத்து மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் எடுத்த தானியத்தை இரண்டு மானிகளிலும் போட்டுப் பார்த்து, இரண்டு நெடுவரிசைகளாக எழுதி, விரிதாளில் டி சோதனையும் (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் கணக்கு) போட்டு, "வேறுபாடு இல்லை மேடம்" என்று கொண்டுவந்து நீட்டினார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். பத்து வரிகளில் ஒன்பதில் இரண்டாம் நெடுவரிசைதான் கூடுதல். புதிய மானி கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது என்று மனத்துக்குள் முடிவுகட்டிக்கொண்டேன். ஆனால் அச்சிட்ட தீர்ப்போ வேறுபாடு இல்லை என்கிறது.

"ஏன் தம்பி, இரண்டையும் தனித்தனிக் கூட்டமாகவா போட்டீர்கள்?"

"இரண்டு நெடுவரிசை, இரண்டு சராசரி. அப்படியென்றால் இரண்டு மாதிரிச் சோதனைதானே மேடம்?"

கேள்வி நியாயமானது. பதில் எனக்குத் தெரியும், ஆனால் அவருக்குப் புரியும்படி சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன். டி சோதனையைக் கடைசியாகக் கையால் போட்டது கல்லூரித் தேர்வில். வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், மகளின் அறிவியல் கால்குலேட்டர், டி அட்டவணை ஒரு பக்கம், இவற்றோடு உட்கார்ந்தேன்.

எண்கள் வந்த வழி

ஆய்வகத்து எண்களை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் இந்தச் சோதனை பிறந்த வீட்டிலேயே கிடைக்கும் எண்களை எடுத்துக்கொண்டேன். 1905-இல் ஆர்தர் குஷ்னியும் பீபிள்ஸும் உடலியங்கியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட அட்டவணை அது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ மனநல மருத்துவமனையில் பத்து நோயாளிகள். தூக்கம் வரவழைக்கும் மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று குறித்திருக்கிறார்கள். மருந்தே கொடுக்காத இரவுகளின் கணக்கும் இருக்கிறது. அதில் முதல் நோயாளியின் சராசரித் தூக்கம் 0.6 மணி நேரம், அதாவது வெறும் 36 நிமிடம். ஐந்தாமவர் 6.2 மணி நேரம் தூங்கியிருக்கிறார். ஆளுக்கு ஆள் இத்தனை ஏற்றத்தாழ்வு. பின்னால் வரும் வம்பு அத்தனையும் இதிலிருந்துதான்.

மூன்றாண்டு கழித்து, 1908-இல், இந்த எண்களை எடுத்துக் கணக்குப் போட்டவர் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் சீலி காஸெட். டப்ளினில் கின்னஸ் மதுவடிசாலையில் வேலை பார்த்தவர். பார்லியும் ஹாப்ஸும் சோதித்துப் பார்க்கும் இடத்தில் ஆயிரம் அளவீடு எடுக்க முடியாது; நான்கு, ஐந்து, பத்து என்றுதான் கிடைக்கும். அவ்வளவு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு சராசரியைப் பற்றி எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்பதே அவர் கவலை. அதற்கு விடையாகப் பயோமெட்ரிகா இதழில் வந்த கட்டுரைதான் இன்று நாம் அழுத்தும் பொத்தானுக்குப் பாட்டன். கோட்பாட்டை மட்டும் எழுதிவிட்டு அவர் நிற்கவில்லை. 3000 குற்றவாளிகளின் உயரமும் நடுவிரல் நீளமும் இருந்த ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் செய்து, தன் சூத்திரம் சரிதானா என்று பார்த்திருக்கிறார். கணினி இல்லாத காலத்தில் 3000 அட்டை! என் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெரிதாகப் பேசுவது தப்பு.

நோட்டில் எழுதிக்கொண்ட எண்கள் இவை. மருந்தில்லாத இரவோடு ஒப்பிட, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்பது கணக்கு. எதிர்மறை என்றால் தூக்கம் குறைந்துவிட்டது என்று பொருள்.

முதல் மருந்து: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0

இரண்டாம் மருந்து: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4

முதல் சுற்று: தம்பி போட்டபடியே

முதலில் தம்பியின் வழியிலேயே போனேன். யார் யார் என்று தெரியாது, பத்துப் பேர் கொண்ட கூட்டம் ஒன்று, வேறு பத்துப் பேர் கொண்ட கூட்டம் இன்னொன்று என்று வைத்துக்கொள்வது.

கணக்கைத் தொடும் முன்பே கருதுகோளை எழுதிவிட வேண்டும் என்று கல்லூரியில் எங்கள் ஆசிரியர் மேசையைத் தட்டிச் சொல்வார். எழுதினேன். இன்மைக் கருதுகோள்: இரண்டு மருந்துகளின் உண்மையான சராசரிப் பலனும் ஒன்றே. மாற்றுக் கருதுகோள்: ஒன்றல்ல. எது மேல் என்று முன்கூட்டியே சொல்லவில்லை, ஆகவே இருமுனைச் சோதனை. எல்லை 5 விழுக்காடு: தற்செயலாக வரும் வாய்ப்பு இதற்கும் கீழே இருந்தால்தான் இன்மைக் கருதுகோளைத் தள்ளுவது.

கூட்டுத்தொகை 7.5, 23.3. சராசரி 0.75, 2.33. வித்தியாசம் 1.58 மணி நேரம், ஏறக்குறைய 95 நிமிடம். தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு 95 நிமிடம் என்பது சாதாரணமில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் இவ்வளவு அலைபாயும் எண்களில், தற்செயலாகவே இப்படி ஒரு இடைவெளி விழுந்திருக்குமா? சோதனை கேட்பது இதை மட்டும்தான்.

அடுத்தது சிதறல். ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அதிலிருந்து கூட்டுத்தொகையின் வர்க்கத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும்; சராசரியிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். இங்கேதான் முதல் சறுக்கல். கால்குலேட்டரில் −1.6 என்று அடித்து வர்க்கப் பொத்தானை அழுத்தினேன். −2.56 என்றது. கவனிக்காமல் அப்படியே எழுதிவிட்டேன். அடுத்த எதிர்மறை எண்ணுக்கும் அதே போலக் கழித்தல் குறி வந்தபோதுதான், வர்க்கம் எங்கே எதிர்மறையாகும் என்று உறைத்தது. அடைப்புக்குறி போடாவிட்டால் கால்குலேட்டர் 1.6-ஐ மட்டும் வர்க்கப்படுத்திவிட்டுக் கழித்தல் குறியை முன்னால் ஒட்டுகிறது. எக்செல் விரிதாளில் இதே கோவையை அடித்தால் 2.56 என்று நேர்மறையாக வரும். இரண்டு கருவி, இரண்டு வழக்கம். அழிரப்பரை எடுத்து மறுபடி போட்டேன்.

முதல் மருந்துக்கு விலக்க வர்க்கங்களின் கூட்டு 28.805. இரண்டாவதற்கு 36.081. ஒவ்வொன்றையும் 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் 1.79, 2.00. ஏறக்குறைய ஒரே அளவு சிதறல், ஆகவே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுச் சிதறல் எடுக்கலாம்: 64.886-ஐ 18-ஆல் வகுத்து 3.605. அதை ஐந்தில் ஒன்றாக்கி (பத்தில் ஒன்று, பத்தில் ஒன்று, சேர்த்தால் ஐந்தில் ஒன்று) வர்க்கமூலம் எடுத்தால் 0.849. இதுதான் வித்தியாசத்தின் திட்டப்பிழை. இதே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்தால் 1.58 என்ற இந்த எண் எவ்வளவு தூரம் ஆடும் என்பதற்கான அளவுகோல்.

1.58-ஐ 0.849-ஆல் வகுத்தேன். டி 1.86.

அட்டவணையில் கட்டின்மை எண் (சுதந்திரமாக மாறக்கூடிய விலக்கங்களின் எண்ணிக்கை; இங்கே 9-உம் 9-உம்) 18-க்கு எதிரே, இருமுனை 5 விழுக்காட்டுக்கு 2.101. என் எண் அதைத் தொடவில்லை. விரிதாளிலும் போட்டுப் பார்த்தேன்: பி மதிப்பு, அதாவது வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு விலகிய விடை வரும் வாய்ப்பு, 0.079. இன்மைக் கருதுகோளைத் தள்ள முடியாது. தம்பிக்குக் கிடைத்த அதே தீர்ப்பு.

இரண்டு கூட்டங்களின் சிதறலும் சமம் என்று நம்பாதவர்களுக்கு வெல்ச் முறை இருக்கிறது. அதையும் போட்டேன். இரண்டு பக்கமும் பத்துப் பத்து எண்கள் என்பதால் டி அதே 1.86, கட்டின்மை எண் மட்டும் 18-இலிருந்து 17.78-க்கு இறங்கியது. பி மதிப்பு மூன்று தசம இடம் வரை மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு சபலம் வந்தது, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அட்டவணையில் அதே வரியில் ஒருமுனைச் சோதனைக்கான எல்லை 1.734 என்று இருந்தது. 'இரண்டாம் மருந்துதான் மேல்' என்று தொடக்கத்தில் எழுதியிருந்தால் 1.86 தாராளமாகத் தாண்டியிருக்கும். கருதுகோள் பக்கம் பென்சிலில்தான் எழுதியிருந்தேன். அழிரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விடையைப் பார்த்த பிறகு கேள்வியைத் திருத்துவது இப்படித்தான் நடக்கிறது போலும், பெரிய சதியெல்லாம் வேண்டியதில்லை. எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்ததும் கருதுகோளின் மேல் பேனாவால் எழுதினேன்.

இரண்டாம் சுற்று: ஆளோடு ஆளைச் சேர்த்து

மேலே உள்ள இரண்டு வரிசைகளும் வேறு வேறு ஆட்களுடையவை அல்ல. முதல் வரிசையின் முதல் எண்ணும் இரண்டாம் வரிசையின் முதல் எண்ணும் அதே நோயாளி. 3.7 மணி நேரம் கூடுதலாகத் தூங்கிய ஏழாமவர்தான் மற்ற மருந்தில் 5.5. இந்தச் செய்தி எண்களுக்குள் எங்கும் இல்லை. எந்த விரிதாளும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. அளவெடுத்தவர் சொன்னால்தான் உண்டு. முதல் சுற்றில் நான் செய்தது, கையிலிருந்த அந்தச் செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்குப் போட்டது.

ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தேன்.

வேறுபாடு: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4

எழுதி முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டேன். ஒரு எண்கூட எதிர்மறை இல்லை. ஒருவருக்கு மட்டும் சுழி; மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாம் மருந்தில் தூக்கம் கூடுதல். இதற்கு மேல் சோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றும். இருந்தாலும் தொடங்கியதை முடிக்க வேண்டும்.

இப்போது இருபது எண்கள் பத்தாகிவிட்டன. கேள்வியும் சுருங்கிவிட்டது: இந்தப் பத்து வேறுபாடுகளின் உண்மையான சராசரி சுழியா? இன்னொன்றும் கவனித்தேன். மருந்தில்லாத இரவின் தூக்கம் இரண்டு நெடுவரிசையிலும் கழிக்கப்பட்டிருப்பதால், வேறுபாட்டில் அது காணாமல் போய்விடுகிறது. 36 நிமிடம் தூங்கியவரும் 6.2 மணி நேரம் தூங்கியவரும் இங்கே சமம். அவரவருக்கு அவரவரே ஒப்பீடு.

கூட்டுத்தொகை 15.8, சராசரி 1.58. சராசரி வித்தியாசம் மாறவில்லை, மாறவும் கூடாது. திட்டவிலக்கம் கண்டுபிடித்தேன்: 1.17. அதைப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து 0.369. டி 4.28.

விரிதாளில் சரிபார்த்தேன். 4.06 என்றது.

கால் மணி நேரம் கூட்டலையெல்லாம் மறுபடி பார்த்தேன். வர்க்கங்களின் கூட்டு 38.58, அதில் 24.964 போக 13.616. எல்லாம் சரி. பிறகுதான் தெரிந்தது: கை பழக்கத்தில் 9-க்குப் பதிலாக 10-ஆல் வகுத்திருக்கிறேன். முதல் சுற்றில் ஒழுங்காக 9-ஆல் வகுத்தவள், வேறுபாடுகள் ஒன்பதே நேர்மறை என்ற மகிழ்ச்சியில் இங்கே கோட்டை விட்டேன். மாதிரியின் சராசரியையே மாதிரியிலிருந்துதான் எடுத்தோம். ஒன்பது விலக்கங்கள் தெரிந்தால் பத்தாவது தானாக வந்து விழுந்துவிடும். ஆகவே சுதந்திரமாக இருப்பவை ஒன்பதுதான். விரிதாள்களில் இதற்கென்றே இரண்டு திட்டவிலக்கச் சூத்திரங்கள் இருக்கின்றன, ஒன்று முழுமைத்தொகுதிக்கு, ஒன்று மாதிரிக்கு. பெயரில் ஒரே எழுத்து வித்தியாசம். நான் கையால் செய்த பிழையைப் பலர் அந்த ஓர் எழுத்தில் செய்கிறார்கள்.

திருத்தியபின் திட்டவிலக்கம் 1.23, திட்டப்பிழை 0.389, டி 4.06.

இதில் எனக்கு ஓர் ஆறுதல். ஸ்டூடன்ட் 1908-இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாடுகளுக்கு அவர் தரும் திட்டவிலக்கம் 1.17. அவரும் பத்தாலேயே வகுத்திருக்கிறார்! ஆனால் அவர் அடுத்த படியில் வர்க்கமூலத்தால் வகுப்பதில்லை, 1.58-ஐ நேரே 1.17-ஆல் வகுத்து 1.35 என்று ஒரு எண்ணை எடுத்து, அதற்கென்று தானே தயாரித்த அட்டவணையில் பார்க்கிறார். நம் டி-யை 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் அவருடைய 1.35 வந்துவிடும். இன்று நாம் போடும் வடிவம் பின்னால் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷரின் கை பட்டு வந்தது. ஆக, அவருடைய முறையில் 1.17 சரி, அவருடைய 1.17-ஐ ஃபிஷரின் சூத்திரத்தில் போட்டால் என் 4.28. இரண்டு சமையல் குறிப்புகளைப் பாதிப்பாதி கலந்த சாம்பார் மாதிரி.

அட்டவணையில் கட்டின்மை எண் 9-க்கு 5 விழுக்காட்டு எல்லை 2.262, ஒரு விழுக்காட்டு எல்லை 3.250. என் 4.06 இரண்டையும் தாண்டிப் போய் நிற்கிறது. பி மதிப்பு 0.0028. இன்மைக் கருதுகோளைத் தள்ளியாயிற்று.

அதே இருபது எண்கள். அதே 1.58. ஒரு வழியில் 0.079, இன்னொரு வழியில் 0.0028.

காணாமல் போன சிதறல்

தம்பிக்குச் சொல்ல வேண்டியது இந்த இடம்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்றேன். வித்தியாசம் மாறவில்லை என்றால் மாறியது திட்டப்பிழை. 0.849 ஏன் 0.389 ஆயிற்று?

திட்டவிலக்கத்தின் வர்க்கங்களை எடுத்தேன். முதல் மருந்து 3.20, இரண்டாம் மருந்து 4.01. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால் வேறுபாட்டின் சிதறல் 7.21 ஆக இருக்க வேண்டும். ஆனால் கையில் இருப்பது 1.51. மீதி 5.70 எங்கே போயிற்று? இரண்டு நெடுவரிசைகளும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகின்றன. ஒட்டுறவுக் கெழு போட்டால் 0.795. முதல் மருந்துக்கு நன்றாக மசிந்தவர் இரண்டாவதற்கும் மசிகிறார், முதலாவதற்கு முரண்டு பிடித்தவர் இரண்டாவதற்கும் பிடிக்கிறார். ஆட்களுக்கு இடையேயான இந்த ஏற்றத்தாழ்வைத்தான் முதல் சுற்று மருந்தின் தடுமாற்றம் என்று நினைத்துப் பிழைக் கணக்கில் எழுதிவிட்டது. சந்தை இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத கதை.

இதற்குக் கொடுத்த விலை, கட்டின்மை எண் 18-இலிருந்து 9 ஆனது. எல்லை 2.101-இலிருந்து 2.262-க்கு ஏறியது, அவ்வளவுதான். வாங்கிய பொருளோடு ஒப்பிட்டால் கொசுறு விலை. ஆனால் ஒட்டுறவே இல்லாத இடத்தில் இணை சேர்த்தால் இந்த விலை வீண்தான். அதைவிட மோசம், உண்மையில் இணையே இல்லாத இரண்டு கூட்டங்களை வரிசை எண் ஒத்துப்போகிறது என்பதற்காக இணையாக்குவது. விரிதாள் அதையும் மறுக்காமல் போட்டுக் கொடுக்கும்.

நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்பதையும், எழுதி வைத்தேன், பி மதிப்பைவிட இது பேசுவதற்கு எளிது. இணையாகப் போட்டால் இரண்டாம் மருந்தின் கூடுதல் பலன் 0.70 முதல் 2.46 மணி நேரம் வரை. அதாவது குறைந்தது முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதிகம் போனால் இரண்டரை மணி நேரம். தனித்தனியாகப் போட்டால் −0.20 முதல் 3.36 வரை. இரண்டும் ஒரே நடுப்புள்ளியைச் சுற்றி வரைந்த கோடுகள். ஒன்று மட்டும் சுழியைத் தாண்டி இடப்பக்கம் கால் நீட்டுகிறது.

நாணயமும் ஒன்பதாம் நோயாளியும்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சந்தேகம். டி அட்டவணை, வேறுபாடுகள் இயல்நிலைப் பரவலிலிருந்து (நடுவில் குவிந்து இருபுறமும் சமமாக மெலியும் மணி வடிவம்) வந்தவை என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 4.6 என்ற அந்த ஒரு எண் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறதே?

பரவல் எதையும் நம்பாத ஒரு வழியைப் பார்த்தேன். மருந்துகளுக்குள் வேறுபாடே இல்லை என்றால், ஒவ்வொரு நோயாளியின் வேறுபாட்டுக்கும் முன்னால் இருப்பது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பது பூவா தலையா போலத்தான். பத்து ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் குலுக்கி மேசையில் வீசி, தலை விழுந்தால் கூட்டல், பூ விழுந்தால் கழித்தல் என்று கூட்டுத்தொகை போட்டேன். இருபது முறை வீசினேன். ஒரு முறைகூட 15.8 வரவில்லை. இருபத்தோராவது முறை ஒரு நாணயம் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் ஓடிவிட்டது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தபோது, வீசவே வேண்டாம், எண்ணிவிடலாமே என்று தோன்றியது. பத்து நாணயம் விழும் விதங்கள் 1024. 15.8 கிடைக்க எல்லாமே கூட்டலாக விழ வேண்டும், −15.8-க்கு எல்லாமே கழித்தலாக. சுழி உள்ளவரின் நாணயம் எப்படி விழுந்தாலும் ஒன்றுதான், ஆக மொத்தம் 4 விதங்கள். 1024-இல் 4, அதாவது 0.0039. டி சோதனை தந்த 0.0028-க்குப் பக்கத்து வீடு. நாணயம் இன்னும் பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது.

பிறகு அந்த 4.6. மருந்தில்லாமல் 1.1 மணி நேரம், முதல் மருந்திலும் அதே 1.1, இரண்டாவதில் 5.7 என்று தூங்கிய ஒன்பதாம் நோயாளி. தீர்ப்பு முழுவதும் இந்த ஒருவர் தோளில்தான் நிற்கிறதோ என்று அவரை விட்டுவிட்டு ஒன்பது பேருக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். டி குறையும் என்று எதிர்பார்த்தேன். 5.66 வந்தது!

மறுபடி போட்டேன். 5.66-தான். சராசரி 1.58-இலிருந்து 1.24-க்கு இறங்கியது, ஆனால் திட்டவிலக்கம் 1.23-இலிருந்து 0.66-க்குச் சரிந்துவிட்டது. இரண்டாம் மருந்தால் எல்லோரையும்விட அதிகம் பயன் பெற்றவரே அந்த மருந்துக்கு எதிர்சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சராசரியைத் தூக்கியதைவிடச் சிதறலைத் தூக்கியதுதான் அதிகம். இதைக் கையால் போட்டிராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன். என்றாலும் அவரை நீக்கும் உரிமை எனக்கு இல்லை. 4.06-தான் என் விடை.

இன்னும் ஒரு கண்ணியை நோட்டில் குறித்தேன். ஒவ்வொரு மருந்தையும் மருந்தில்லாத நிலையோடு தனியாக ஒப்பிட்டால், முதல் மருந்துக்கு டி 1.33, எல்லையைத் தாண்டவில்லை, இரண்டாவதற்கு 3.68, தாண்டுகிறது. 'ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை, ஆகவே இரண்டும் வேறு' என்று அறிக்கையில் எழுதத் தோன்றும். இங்கே முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டது, வழி தப்பு. ஒன்றின் பி மதிப்பு 0.049-லும் இன்னொன்றினது 0.051-லும் நின்றால் அவற்றுக்குள் வேறுபாடு இருக்கிறது என்று எவரும் சொல்ல மாட்டார்கள். வேறுபாட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் வேறுபாட்டைத்தான் சோதிக்க வேண்டும்.

ஸ்டூடன்ட் தன் முடிவை எழுதிய விதமும் சுவையானது. இரண்டாவதே சிறந்த தூக்க மருந்து என்பதற்கு 666-க்கு 1 என்று பந்தயக்காரர் போல எழுதுகிறார். இன்றைய கண்டிப்பில் அப்படிச் சொல்ல விடமாட்டார்கள். பி மதிப்பு சொல்வது, வேறுபாடே இல்லாத உலகில் இவ்வளவு விலகிய விடை வருவது எவ்வளவு அரிது என்பதை மட்டும்; மருந்து சிறந்தது என்பதற்கான வாய்ப்பு அது ஆகாது. நானும் ஆய்வக அறிக்கைகளில் அவரைப் போலவே எழுதி வந்திருக்கிறேன் என்பதைப் பழைய கோப்புகளைப் புரட்டாமலே சொல்ல முடியும்.

தலைப்பு வரி

நோட்டை மூடும் முன் நெடுவரிசைகளுக்கு மருந்துப் பெயர் எழுதலாம் என்று பார்த்தபோது கடைசி அடி விழுந்தது. ஸ்டூடன்டின் அட்டவணையில் இரண்டு தலைப்புகளும் ஹயோசயமின் என்ற ஒரே மருந்தின் வலஞ்சுழி வடிவம், இடஞ்சுழி வடிவம் என்று இருக்கின்றன. குஷ்னியின் மூல அட்டவணையிலோ முதலாவது இடஞ்சுழி ஹயோசயமின், இரண்டாவது இடஞ்சுழி ஹயோசின். இரண்டும் வேறு வேறு மருந்துகள். எண்களைப் பெயர்த்து எழுதியபோது தலைப்பு தவறிவிட்டது. 1925-இல் ஃபிஷர் தன் நூலில் இந்த எண்களை எடுத்தாண்டபோது பிழையும் கூடவே குடிபெயர்ந்தது. கணக்கில் ஒரு குறையும் இல்லை, 4.06 அன்றும் 4.06-தான். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்ற இடத்தில்தான் ஓட்டை.

திங்கட்கிழமை தம்பியை உட்கார வைத்து, நோட்டைக் காட்டி, முதல் சுற்று இரண்டாம் சுற்று இரண்டையும் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். ஈரப்பதமானி எண்களை மூட்டை மூட்டையாகக் கழித்து, இணைச் சோதனை போட்டார். இந்த முறை வேறுபாடு இருக்கிறது என்று வந்தது. ஒன்பது வரிகளில் கண்ணுக்குத் தெரிந்தது கணக்குக்கும் தெரிந்துவிட்டது.

"அப்படியானால் புதிய மானி கூட்டிக் காட்டுகிறது என்று எழுதிவிடலாமா மேடம்?" என்றார்.

எழுதுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தவள், தாளைத் திரும்பப் பார்த்தேன். நெடுவரிசைகளின் தலையில் 'அ', 'ஆ' என்று மட்டுமே இருந்தது.

"இதில் 'ஆ' எந்த மானி தம்பி?"

அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். பிறகு போய்க் கிறுக்கல் நோட்டைத் தேடி எடுத்துவந்து, மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"'ஆ' பழையது மேடம். 'அ'-தான் புதியது."